ஜனவரி பிறந்தால் சம்பளம் ஏன் இளைக்கிறது?

பொங்கல் முடிந்த கையோடு வரும் சம்பளச் சீட்டைப் பார்த்ததும் மாதச் சம்பளக்காரர்கள் பலருக்குத் திக்கென்கிறது. டிசம்பர் வரை மாறாமல் வந்துகொண்டிருந்த தொகை சட்டென்று பத்தாயிரம், இருபதாயிரம், சிலருக்கு நாற்பதாயிரம்கூட இறங்கியிருக்கும். அடிப்படைச் சம்பளம், படிகள் எல்லாம் இருந்தபடியே இருக்கின்றன. பிடித்தப் பகுதியில் 'டிடிஎஸ்' என்ற இடத்தில் மட்டும் பெரிய எண் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. எச்ஆரைக் கேட்டால், "ப்ரூஃப் குடுக்கலையே சார், சிஸ்டம் பிடிச்சிடுச்சு" என்று பதில் வரும்.

சிஸ்டம் எதை வைத்துப் பிடித்தது, ஏன் இப்போது பிடித்தது என்ற இரண்டு கேள்விக்கும் விடை ஒரே கணக்கில் இருக்கிறது. ஜனவரி சம்பளத்தில் பிடிபடுவது ஜனவரி மாதத்துக்கான வரி என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உண்மையில் மாதத்துக்கென்று ஒரு வருமான வரியே கிடையாது. வரி முழு நிதியாண்டுக்கானது. அந்த ஆண்டு முடிவதற்குள், "இவருக்கு இந்த வருடம் இவ்வளவு வரி வரும்" என்று முதலாளி ஊகித்து, ஊகத்தை மாதத் தவணைகளாக வெட்டிப் பிடிப்பதே டிடிஎஸ். ஊகம் மாறினால் தவணையும் மாறும்.

இந்த வேலையை முதலாளி தலையில் கட்டியது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 192ஆம் பிரிவு. ஊழியருக்கு அந்த ஆண்டில் கிடைக்கக்கூடிய சம்பளத்தை மதிப்பிட்டு, அதற்கான வரியைக் கணக்கிட்டு, சராசரி விகிதத்தில் ஒவ்வொரு முறை சம்பளம் கொடுக்கும்போதும் பிடிக்க வேண்டும் என்கிறது அது. வங்கி வட்டிக்கு 10 சதவீதம் என்பதுபோல் சம்பளத்துக்கு நிலையான பிடித்த விகிதம் எதுவும் இல்லை. ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளுக்கே மாதத்துக்கு மாதம் மாறலாம்.

எண்களோடு பார்த்தால் சுலபமாகப் புரியும். கோயம்புத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் மாதம் 1,20,000 ரூபாய் வாங்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 2025-26 நிதியாண்டு, புதிய வரி முறை. வருடச் சம்பளம் 14,40,000. அதில் நிலையான கழிவு 75,000 போக, வரிக்கு உட்படுவது 13,65,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், அதாவது 20,000. 8 முதல் 12 லட்சம் வரை 10 சதவீதம், 40,000. மிச்சமிருக்கும் 1,65,000க்கு 15 சதவீதம், 24,750. கூட்டினால் 84,750. அதன்மேல் சுகாதார, கல்வி செஸ் 4 சதவீதம், 3,390. ஆக மொத்தம் 88,140 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 7,345. ஏப்ரல் மாதச் சம்பளச் சீட்டில் டிடிஎஸ் என்று தெரிவது இந்த எண்தான்.

இப்போது அக்டோபரில் அவருக்கு 2 லட்சம் ரூபாய் போனஸ் வருகிறது. ஏப்ரலில் போட்ட ஊகம் அதோடு செல்லாமல் போகிறது. வருட வருமானம் 16,40,000 ஆகி, புதுக் கணக்கில் வரி 1,19,340 ரூபாய் என்று வருகிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதத்தில் 44,070 ஏற்கெனவே பிடித்தாகிவிட்டது. பாக்கி 75,270ஐ மிச்சமுள்ள ஆறு மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 12,545. போனஸ் வந்த ஒரே மாதத்திலேயே அதற்கான வரி 31,200 ரூபாயை மொத்தமாகப் பிடித்துவிடும் நிறுவனங்களும் உண்டு. எப்படிப் பிடித்தாலும் மார்ச் முடிவில் கூட்டுத்தொகை ஒன்றுதான். முன்பு குறைவாகவோ அதிகமாகவோ பிடித்திருந்தால் அதே நிதியாண்டுக்குள் கூட்டிக் குறைத்துச் சரிசெய்துகொள்ளச் சட்டமே இடம் தருகிறது. போனஸுக்குத் தனியாக அதிக வரி போடுகிறார்கள் என்ற அலுவலகப் புலம்பல் இங்கிருந்து பிறந்ததுதான். அது உச்ச அடுக்கில் போய் உட்காருகிறது, அவ்வளவே.

ஊகத்துக்குள் ரொக்கச் சம்பளம் மட்டும் வருவதில்லை. கம்பெனி கொடுக்கும் வீடு, சொந்த உபயோகத்துக்கான கார் போன்ற சலுகைகளுக்கும் ஒரு மதிப்பு உண்டு. நிறுவனத்துக்குச் சொந்தமான குவார்ட்டர்ஸில் வாடகையின்றிக் குடியிருக்கும் தனியார் ஊழியருக்கு, 2011 கணக்கெடுப்பின்படி 40 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரமென்றால் சம்பளத்தில் 10 சதவீதமும், 15 லட்சத்தைத் தாண்டாத ஊரென்றால் 5 சதவீதமும் வருமானமாகச் சேரும். சென்னையில் 10, மதுரையில் 5. கையில் ஒரு ரூபாய்கூட வராமல் வரி மட்டும் ஏறுவது இப்படித்தான்.

சம்பளச் சீட்டின் மற்றப் பிடித்தங்களை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வருங்கால வைப்பு நிதி ஊழியரின் சொந்தச் சேமிப்பு. அரையாண்டுக்கு ஒருமுறை பிடிக்கும் தொழில் வரி மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ போய்ச் சேருகிறது. அதற்கு அரசமைப்புச் சட்டத்தின் 276ஆம் பிரிவு போட்ட உச்சவரம்பு ஆண்டுக்கு 2,500 ரூபாய். சென்னையில் அரையாண்டு வருமானம் 75,000ஐத் தாண்டியவர்களிடம் ஒரு தடவைக்கு 1,250 பிடிப்பதன் காரணம் அதுதான்.

ஏப்ரலில் முதலாளி கேட்கும் முதல் கேள்வி, பழைய வரி முறையா புதியதா என்பது. ஊழியர் பதில் சொல்லாமல் இருந்தால் புதிய முறையைத் தேர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2023 ஏப்ரலில் சுற்றறிக்கை விட்டது. மின்னஞ்சலைத் திறக்காமலே விட்டவர்களுக்கும் ஒரு தேர்வு நடந்துவிடுகிறது. நல்லவேளையாக இந்தத் தேர்வு பிடித்தத்துக்கு மட்டும்தான். தொழில், வியாபார வருமானம் இல்லாத சம்பளக்காரர், கெடுவுக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது முறையை மாற்றிக்கொள்ளலாம்.

புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானமுள்ளவருக்கு 60,000 ரூபாய் வரை வரித் தள்ளுபடி இருப்பதால், நிலையான கழிவையும் சேர்த்து 12,75,000 ரூபாய் சம்பளம் வரை பிடித்தம் பூஜ்யம். அந்த எல்லையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 12,75,000 வாங்குபவருக்கு மார்ச்சில் 10,000 ரூபாய் நிலுவை வந்தால், அடுக்குக் கணக்குப்படி வரி 61,500 ஆகிவிடும். பத்தாயிரம் கூடுதலாகச் சம்பாதித்ததற்கு அறுபதாயிரம் வரியா என்று கேட்பார்கள் என்பதால், 12 லட்சத்தைத் தாண்டிய தொகைக்கு மேல் வரி போகாதபடி சட்டம் ஒரு தடுப்பு வைத்திருக்கிறது. எனவே வரி 10,000. ஆனால் செஸ் அதற்குப் பிறகுதான் ஏறும், இன்னொரு 400. வந்த பணம் 10,000, பிடித்தது 10,400. நிலுவை வந்ததால் அவருக்கு நானூறு ரூபாய் நஷ்டம்!

ஜனவரி அதிர்ச்சி பெரும்பாலும் பழைய முறைக்காரர்களுக்கு வருவது. அங்கேதான் வீட்டு வாடகைப்படி, 80சி சேமிப்பு, மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம், சொந்தக் குடியிருப்புக்கான வீட்டுக் கடன் வட்டி என்று கழிவுகளின் பட்டியல் நீளமானது. ஏப்ரலில் இவற்றுக்குத் தாள் எதுவும் தேவைப்படுவதில்லை. "இவ்வளவு வாடகை கொடுப்பேன், இவ்வளவு எல்ஐசி கட்டுவேன்" என்ற வாய்மொழி போன்ற ஒரு டிக்ளரேஷனை நம்பியே நிறுவனங்கள் பிடித்தத்தைக் குறைத்துப் போடுகின்றன. டிசம்பர், ஜனவரியில் கதை மாறுகிறது. படிவம் 12பிபியுடன் ஆதாரங்களைக் கேட்கிறார்கள். ஆதாரம் இல்லாத கழிவு ஒவ்வொன்றும் ஊகத்திலிருந்து உருவப்படும்.

மாதம் 2 லட்சம் வாங்கும் சென்னை ஊழியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 1 லட்சம், வாடகைப்படி 50,000, இதர படிகள் 50,000. கொடுக்கும் வாடகை 45,000. மதுரையில் பெற்றோர் குடியிருக்கும் வீட்டுக்கு அவர் பெயரில் கடன் ஓடுகிறது. வாடகைப்படி விலக்குக்கு மூன்று எண்களை எழுதி, அவற்றில் சிறியதை எடுக்க வேண்டும். முதல் எண், வருடத்தில் வாங்கிய வாடகைப்படி, 6 லட்சம். அடுத்தது, கொடுத்த வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் பத்தில் ஒரு பங்கு போக மீதி: 5,40,000இலிருந்து 1,20,000 கழித்தால் 4,20,000. மூன்றாவது, அடிப்படைச் சம்பளத்தில் பாதி, 6 லட்சம். (2025-26இல் சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தாவில்தான் பாதி, கோவையோ திருச்சியோ என்றால் 40 சதவீதம்.) சிறியது 4,20,000, விலக்கு அவ்வளவு.

இதோடு நிலையான கழிவு 50,000, 80சி 1,50,000, வீட்டுக் கடன் வட்டி 2,00,000, தேசிய ஓய்வூதியத் திட்டம் 50,000, தனக்கும் மூத்த குடிமக்களான பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீடு 75,000. தொழில் வரி போன்ற சில்லறைகளை விட்டுவிட்டால், வரிக்கு உட்படும் வருமானம் 14,55,000. செஸ் சேர்த்து வரி 2,58,960. மாதம் 21,580.

ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணைக் கொடுத்தாக வேண்டும். பல வாடகைதாரர்களுக்கு இடறும் இடம் இதுதான். வீட்டுக்காரர் பான் தர மறுத்தார், ரசீதில் கையெழுத்து வாங்க மறந்துபோயிற்று, கெடு முடிந்துவிட்டது. நிறுவனம் 4,20,000 ரூபாய் விலக்கை நீக்கிவிட்டு மறுபடி கணக்குப் போடும். வரி 3,90,000 ஆகிறது. ஒன்பது மாதத்தில் பிடித்தது 1,94,220 மட்டும். பாக்கி 1,95,780ஐ மூன்றே மாதத்தில் பிடித்தாக வேண்டும். டிசம்பரில் 21,580 ஆக இருந்த பிடித்தம் ஜனவரியில் 65,260 ரூபாயாகத் தாவுகிறது.

இதனால் பணம் போயே போய்விட்டதென்று இல்லை. வாடகை கொடுத்ததற்கான வங்கிப் பரிமாற்றமும் ரசீதும் இருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது அந்த விலக்கை நேரடியாகக் கோரி, 1,31,040 ரூபாயைத் திரும்பப் பெறலாம். ஆதாரமே கிடைக்காது என்றாலும் ஒரு வழி மிச்சமிருக்கிறது. இதே சம்பளத்துக்குப் புதிய முறையில் வரி 2,92,500தான். ரிட்டர்னில் முறையை மாற்றினால் ஏறக்குறைய ஒரு லட்சம் திரும்பி வரும். பிடித்ததே முடிந்த முடிவு என்று, நிறுவனம் தரும் படிவம் 16ஐ அப்படியே ஏற்றுக்கொள்பவர்கள் இந்தப் பணத்தைத் தெரியாமலே விட்டுவிடுகிறார்கள்.

இதற்கு நேர்மாறான விபத்தும் ஒன்றுண்டு. வருடம் முழுக்க ஒரு ரூபாய்கூடப் பிடிக்காமல் விட்டு, கடைசியில் மொத்தமாகக் கட்டச் சொல்வது. நிதியாண்டின் நடுவில் வேலை மாறியவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. புதிய முறையில் இருக்கும் ஒருவருக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு நிறுவனத்தில் மாதம் 80,000 ரூபாய். வருடத்துக்கு 9,60,000 என்று ஊகித்து அது பூஜ்யம் பிடித்தது. அக்டோபரில் சேர்ந்த அடுத்த நிறுவனத்தில் மாதம் 1,50,000. ஆறு மாதத்துக்கு 9 லட்சம்தானே என்று அதுவும் பூஜ்யம் பிடித்தது. இருவரும் தத்தம் அளவில் சரியாகவே செய்தார்கள். ஆனால் ஊழியரின் வருட வருமானம் 13,80,000. நிலையான கழிவு ஒரு முறைதான். வரித் தள்ளுபடி 12 லட்சத்தோடு நின்றுவிடுகிறது. ஆக, ஜூலையில் அவர் கட்ட வேண்டியது 78,780 ரூபாய். முன்கூட்டியே வரி கட்டாததற்கு 234பி, 234சி பிரிவுகளின்படி வட்டியும் மேலே ஏறும். பழைய நிறுவனத்தின் சம்பளம், பிடித்தம் இரண்டையும் படிவம் 12பியில் எழுதிப் புதிய நிறுவனத்திடம் சேர்ந்த மாதமே கொடுத்திருந்தால், ஆறு தவணையாகப் பிரிந்து போயிருக்கும்.

சம்பளம் தவிர்ந்த வருமானத்தையும் விரும்பினால் முதலாளியிடம் சொல்லலாம். வங்கி வைப்பு வட்டிக்கு வங்கி 10 சதவீதம்தான் பிடிக்கிறது. 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு அது போதாது. மிச்சத்தைச் சம்பளத்திலேயே பிடித்துவிடச் சொன்னால் முன்வரித் தவணைத் தொல்லை இல்லை. நஷ்டத்தில் மட்டும் சட்டம் கறார்: வீட்டுச் சொத்து நஷ்டத்தைத் தவிர வேறெந்த நஷ்டத்தையும் சம்பளப் பிடித்தத்தில் கழிக்க முடியாது. பங்குச் சந்தையில் விட்டதை எச்ஆரிடம் சொல்லிப் பயனில்லை. 2024 அக்டோபரில் வந்த படிவம் 12பிஏஏ ஒரு புதுக் கதவைத் திறந்தது. வங்கியிலோ வேறிடத்திலோ ஏற்கெனவே பிடிபட்ட வரியையும், வெளிநாட்டுப் பயணத்துக்கோ விலையுயர்ந்த கார் வாங்கும்போதோ விற்பவர் வசூலித்த டிசிஎஸ் வரியையும் காட்டி, சம்பளப் பிடித்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

பான் எண் கொடுக்காதவர்களுக்கு இந்தச் சராசரிக் கணக்கின் சலுகை கிடையாது. வரி வரக்கூடிய வருமானம் இருந்தால், சராசரி விகிதம் அல்லது 20 சதவீதம், எது அதிகமோ அது. நம் கோவை ஊழியர் பான் தராமல் இருந்தால், 88,140க்குப் பதில் 2,73,000 ரூபாய் பிடிபட்டிருக்கும்.

இப்படி முன்னும் பின்னும் பார்த்து ஊகிப்பதுதான் உலக வழக்கம் என்றும் சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் ஊழியர் டபிள்யூ-4 படிவத்தில் திருமணமானவரா, குழந்தைகள் உண்டா, வேறு வேலை உண்டா என்பதைக் குறித்துக் கொடுத்தால், பெரும்பாலான நிறுவனங்கள் ஒவ்வொரு சம்பளக் காசோலையையும் தனித்தனியாக எடுத்து, வருடம் முழுக்க இதே சம்பளம்தான் என்று பாவித்துப் பிடிக்கின்றன. போன மாதம் என்ன கொடுத்தோம் என்று பார்ப்பதில்லை. தனியாகக் கொடுக்கும் போனஸுக்கு 22 சதவீதம் என்று ஒரே விகிதத்தில் முடித்துவிடலாம். பிரிட்டனில் ஊகிக்கும் வேலையை வரித் துறையே பெருமளவு ஏற்றுக்கொண்டு, ஊழியருக்கு ஒரு வரிக் குறியீட்டை அனுப்புகிறது. 1257எல் என்றால் ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரியில்லை என்று பொருள். இரண்டாம் உலகப் போரின் செலவுச் சுமையில் அமெரிக்கா 1943இலும் பிரிட்டன் 1944இலும் இந்த முறைகளுக்கு வந்தன. இந்தியாவில் சம்பளத்தில் பிடிக்கும் ஏற்பாடு அதற்கும் மூத்தது. 1922ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 18ஆம் பிரிவிலேயே அது இருந்தது.

பிடித்த பணம் முதலாளியின் கணக்கில் நெடுநாள் தங்கக் கூடாது. அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் அரசுக் கணக்கில் சேர வேண்டும். மார்ச் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம். தாமதித்தால் மாதத்துக்கு 1.5 சதவீத வட்டி நிறுவனத்தின் தலையில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை படிவம் 24கியூவில் யாரிடம் எவ்வளவு பிடித்தோம் என்று பான் எண்ணோடு பட்டியல் தர வேண்டும். அந்தப் பட்டியலிலிருந்துதான் ஊழியரின் 26ஏஎஸ் கணக்கில் வரவு விழுகிறது. ஜூன் 15க்குள் கையில் வரும் படிவம் 16 அதன் தொகுப்பு.

சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து 26ஏஎஸ்ஸில் வரவு இல்லையென்றால் சிக்கல் நிறுவனத்திடம் இருக்கிறது: பான் எண்ணைத் தவறாகப் பதிந்திருக்கலாம், அல்லது பணத்தையே கட்டாமல் விட்டிருக்கலாம். பிடித்துவிட்ட வரியை ஊழியரிடம் மறுபடி கேட்கக் கூடாது என்று 205ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனாலும் பட்டியலில் பெயர் ஏறாதவரை ரிட்டர்னில் வரவு தானாக ஏறாது. நோட்டீஸ் ஊழியர் வீட்டுக்குத்தான் வரும். அப்போது கைகொடுப்பவை சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு அறிக்கையும்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரித் துறைத் தளத்தில் நுழைந்து 26ஏஎஸ்ஸைப் பார்த்துவிட்டால், நிறுவனத்தை விட்டு விலகுவதற்கு முன்பே இதைச் சரிசெய்யச் சொல்லலாம்.

2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் அமர்கிறது. 192 என்ற எண் 392 ஆகிறது. 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்று இரண்டு ஆண்டுகளைச் சொல்லிக் குழப்பியது போய் 'வரி ஆண்டு' என்ற ஒன்றே நிற்கிறது. வருடச் சம்பளத்தை மதிப்பிட்டுச் சராசரி விகிதத்தில் பிடிக்கும் ஏற்பாடு அப்படியே தொடர்கிறது. ஆகவே ஏப்ரலில் வரும் டிக்ளரேஷன் மின்னஞ்சலுக்கும், வேலை மாறினால் பழைய நிறுவனத்தின் கணக்குத்தாளுக்கும், டிசம்பரில் தேட வேண்டிய வாடகை ரசீதுக்கும் புதிய சட்டத்திலும் வேலை இருக்கிறது.